ஆகஸ்டு மாதத்துப் பட்டியல்



ஹாக்கி என்றதும் நம் நினைவில் எழுவது தியான்சந்தும் பச்சைப் புல்வெளியுமே. இக்கட்டுரை பேசவிருப்பது அந்த ஹாக்கியை அன்று. கனடா நாட்டார் 'ஹாக்கி' என்று மட்டும் சொன்னால் அது பனிக்கட்டித் தளத்தின்மேல், அடியில் கத்தி பொருத்திய காலணி அணிந்து சறுக்கியபடி, கெட்டியான ரப்பர் வில்லையொன்றைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். பனியையே காணாத நாம் அதைப் பற்றி எழுத வருவானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் வகுப்பறையில்தான் இருக்கிறது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் ஐந்து அதிகாரங்கள் 48 முதல் 52 வரை தொடர்ச்சியாக அமைந்துள்ளன. ஆளைத் தேர்வதும் தேர்ந்தவனிடம் வினையை ஒப்படைப்பதும் கடைசி இரண்டு அதிகாரங்களில்தான் வருகின்றன. வலியையும் காலத்தையும் இடத்தையும் அறிந்த பிறகே ஆளை அறிய வேண்டும் என்னும் இவ்வரிசையை விளக்க, ஆண்டுதோறும் நாம் அரசர் கதைகளையே தேடிக்கொண்டிருந்தோம். அவற்றைவிடத் தெளிவான சான்றொன்று 1988ஆம் ஆண்டுக் கனடாவில் கிடைத்தது. அதையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு புகைப்படம்

1988ஆம் ஆண்டு மே 26ஆம் நாள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டன். அந்நகரின் ஆயிலர்ஸ் அணி, பாஸ்டன் அணியை வென்று ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் வழங்கும் இக்கோப்பையை 1984, 1985, 1987, 1988 என ஐந்தாண்டுகளுக்குள் நான்காம் முறையாக அவர்கள் பெற்றிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 31 அன்று வீசிய சூறாவளியில் இருபத்தேழு உயிர்களை இழந்த நகரம் அது. அவ்வூரார்க்கு இவ்வணி வெறும் விளையாட்டுக் குழுவாக இருந்திருக்க முடியாது.

வெற்றி ஆரவாரத்தின் நடுவே அணித்தலைவர் வெய்ன் கிரெட்ஸ்கி, வீரர்கள், பயிற்சியாளர்கள் என அனைவரையும் பனித்தளத்தின் நடுவே அழைத்து, கோப்பையைச் சுற்றி அமரச்செய்து ஒரு புகைப்படம் எடுக்கவைத்தார். அன்றுமுதல் இன்றுவரை கோப்பை வெல்லும் ஒவ்வோர் அணியும் இவ்வழக்கத்தைப் பின்பற்றுகிறது. அப்படத்தில் இருந்த அணி மீண்டும் ஒருபோதும் அவ்வாறே கூடவில்லை. பதினோரு வாரங்களுக்குள் கிரெட்ஸ்கி விற்கப்பட்டார்.

ஆட்டமில்லாத மாதங்கள்

இந்த ஆட்டத்தின் பருவம் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. எஞ்சிய மாதங்களில் ஆட்டம் இல்லை; ஆனால் ரசிகர்க்கு ஓய்வும் இல்லை. கையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு அணியை அவரே அமைக்கத் தொடங்குகிறார். தாக்குவோர் இத்தனை பேர், தடுப்போர் இத்தனை பேர், கோல் காப்பாளர் இருவர். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாருடைய முழங்கால் இன்னும் ஓராண்டு தாங்கும், இளைஞருள் யாரை மேலே கொண்டுவருவது? ஓரணியின் பட்டியலில் இருபத்துமூவர்க்கே இடமுண்டு. ஒருவர் பெயரை எழுத வேண்டுமானால் இன்னொருவர் பெயரை அடிக்க வேண்டும். அடிக்கப்படும் பெயர் சில வேளைகளில் தம் மகனுடைய சட்டையின் முதுகில் பொறித்த பெயராகவும் இருக்கும்.

இத்தாளை எந்த மேலாளரும் கேட்பதில்லை. இருந்தும் ரசிகர் எழுதுகிறார். தாம் எழுதுவதற்கு ஓர் உரிமை இருப்பதாக அவர் நம்புகிறார் என்பதே இதன் பொருள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

வீரர் யாருடைய உடைமை?

வீரர் தம் விருப்பப்படி அணி மாறும் வழக்கம் தொடக்கக் காலத்தில் ஏறக்குறைய இல்லை. பதின்ம வயதிலேயே ஓரணியின் பெயரில் பதிவாகிவிட்டால் அவ்வணி விடுவிக்கும்வரை அவர் அங்கேயே இருக்க வேண்டும். 1957இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே வீரர்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றார். அவ்வாண்டுக் கோடையிலேயே அவரும் கோல் காப்பாளர் க்ளென் ஹாலும் சிகாகோ அணிக்கு அனுப்பப்பட்டார்கள். லீக்கின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவரை அவருடைய ஆட்டத்துக்காக அன்றி, அவருடைய வாய்க்காக நீக்கிய நிகழ்ச்சி அது. நிலைத்து நின்ற வீரர் சங்கம் 1967இல்தான் உருவாயிற்று.

கிரெட்ஸ்கியின் கதையும் உடைமைக் கதையே. 1961இல் ஒன்டாரியோ மாகாணத்தின் பிராண்ட்ஃபோர்டில் பிறந்த அவர், பதினேழு வயதில் போட்டி லீக்காக இயங்கிய உலக ஹாக்கிச் சங்கத்தின் இண்டியானாபொலிஸ் அணியில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே, 1978 நவம்பரில், பண நெருக்கடியிலிருந்த அவ்வணியின் உரிமையாளர் அவரை எட்மன்டனின் பீட்டர் பொக்லிங்டனுக்கு விற்றார். 1979 ஜனவரி 26 அன்று, தம் பதினெட்டாம் பிறந்தநாளில், பனித்தளத்தின் நடுவிலேயே அவ்விளைஞர் இருபத்தோராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தம் அணியோடு அன்று, பொக்லிங்டன் என்னும் தனிமனிதரோடு செய்துகொண்டது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அவ்வாண்டே போட்டி லீக் கலைந்தது. எட்மன்டன் உள்ளிட்ட நான்கு அணிகள் தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்தன. அடுத்த ஒன்பது பருவங்களில் கிரெட்ஸ்கி செய்தவை நம்புதற்கு அரியவை. 1981-82இல் 92 கோல்கள். 1985-86இல் கோலும் கோலுக்கு உதவியதுமாகச் சேர்த்து 215 புள்ளிகள். 1980 முதல் 1987 வரை தொடர்ந்து எட்டு முறை லீக்கின் மதிப்புமிகு வீரர் விருது.

1988 ஆகஸ்டு 9

1988 ஜூலை 16ஆம் நாள் எட்மன்டனில் கிரெட்ஸ்கியின் திருமணம் நடந்தது. மணமகள் அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்ஸ். தேவாலயத்துக்கு வெளியே ஊரே திரண்டு நின்றது. இருபத்துநான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்டு 9 அன்று, அதே ஊரில் செய்தியாளர் கூட்டம் கூட்டப்பட்டது. கிரெட்ஸ்கியும், உடன் மார்ட்டி மக்சோர்லி, மைக் குருஷெல்னிஸ்கி ஆகிய இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குச் செல்கிறார்கள். ஈடாக எட்மன்டனுக்கு வருபவை: ஜிம்மி கார்சன் என்னும் இருபது வயது வீரர், மார்ட்டின் ஜெலினா என்னும் பதினெட்டு வயது இளைஞர், 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளின் புதுமுகத் தேர்வில் முதற்சுற்று உரிமை, இவற்றோடு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கம்.

கிரெட்ஸ்கி பேசத் தொடங்கினார். அழமாட்டேன் என்று தோழர் மார்க் மெஸ்ஸியரிடம் வாக்களித்ததாகச் சொல்லி, சொல்லும்போதே அழுதார். அக்காட்சி கனடா முழுவதும் ஒளிபரப்பானது. நாடாளுமன்றத்தில் புதிய ஜனநாயகக் கட்சியின் நெல்சன் ரீஸ், அரசு தலையிட்டு இவ்விற்பனையைத் தடுக்க வேண்டுமெனக் கோரினார். பொக்லிங்டனின் கொடும்பாவி எரிக்கப்பட்டது.

இந்தச் சினத்துக்குப் பின்னணி உண்டு. 1986இல் பொக்லிங்டனுக்குச் சொந்தமான கெய்னர்ஸ் இறைச்சித் தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கும் மேலாகக் கடும் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் வடு ஆறாமலேயே இருந்தது. மேலும் 1988, அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கொள்வதா என்று கனடா தன்னையே கேட்டுக்கொண்டிருந்த ஆண்டு. நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் அக்கேள்வியின்மீதே நடந்தது. அத்தகைய வேளையில் நாட்டின் தலைசிறந்த வீரர் தெற்கே விற்கப்படுகிறார். தாளில் பெயரெழுதிப் பார்க்கும் ரசிகருக்கு, தமது நாடே விற்பனைப் பட்டியலில் ஏறிவிட்டது போலத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

உரிமையாளர் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. இருபத்தேழு வயதில் வீரரின் விலை உச்சத்தில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் அவர் ஈடேதுமின்றிப் போய்விடக்கூடும். எட்மன்டன் சிறிய சந்தை. இப்போது விற்றால் பணமும் வரும், இளைஞரும் வருவர். காலமறிதல் என்றே இதற்குப் பெயர் சொல்லலாம். ஆனால் எவருடைய காலம்? அணியின் காலமா, உரிமையாளருடைய கடனின் காலமா?

பேரேட்டைப் புரட்டுவோம்

வரலாற்று மாணவர் கண்ணீரோடு நின்றுவிடலாகாது. கணக்கையும் பார்க்க வேண்டும்.

முதல் வரவு கசப்பானது. 1989 ஏப்ரலில், கோப்பைச் சுற்றின் தொடக்கத்திலேயே எட்மன்டனும் லாஸ் ஏஞ்சலஸும் மோதின. மூன்றுக்கு ஒன்று என முன்னணியில் இருந்த எட்மன்டன், இறுதியில் நான்குக்கு மூன்று எனத் தோற்று வெளியேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் கிரெட்ஸ்கியின் வெண்கலச் சிலை எட்மன்டன் அரங்கின் வாயிலில் நிறுவப்பட்டது. விற்ற ஊரே, விற்ற ஓராண்டில் சிலை வைத்தது! அக்டோபர் 15 அன்று அதே அரங்கில், எதிரணிச் சட்டையில் வந்த கிரெட்ஸ்கி, கோர்டி ஹவ் வைத்திருந்த 1,850 புள்ளிகள் என்னும் சாதனையைக் கடந்தார். அவ்வடி தம் அணியின் வெற்றியைப் பறிக்கும் அடியென்று அறிந்தும் எட்மன்டன் மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். சட்டை மாறினால் உறவு முறிந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இக்காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வரவு வியப்பானது. எட்மன்டனுக்கு வந்த கார்சன் முதற்பருவத்தில் 49 கோல்கள் அடித்தார். ஆனால் கிரெட்ஸ்கிக்கு ஈடாக வந்தவர் என்னும் பாரத்தை அவரால் சுமக்க இயலவில்லை. தம்மை வேறணிக்கு அனுப்புமாறு கேட்டார். 1989 நவம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்குத் தந்து, பெட்ர் கிளிமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் முதலியோரைப் பெற்றார் மேலாளர் க்ளென் சாதர். மர்ஃபி, கிரேவ்ஸ், ஜெலினா மூவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். 1990இல் எட்மன்டன் அணி கிரெட்ஸ்கியின் லாஸ் ஏஞ்சலஸை ஓர் ஆட்டமும் விடாமல் நான்கிலும் வென்றது. இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் மூன்றாம் கூடுதல் நேரம்வரை நீண்டபோது வெற்றி கோலை அடித்தவர், அதுவரை பெரும்பாலும் இருக்கையிலேயே அமர்த்தப்பட்டிருந்த கிளிமா. மெஸ்ஸியரின் தலைமையில் ஐந்தாம் கோப்பை வந்தது. கிரெட்ஸ்கி இல்லாமல் வந்தது!

அப்படியாயின் விற்றவர்தான் சரியா? 1988இல் தாளில் கிரெட்ஸ்கியின் பெயரை முதலில் எழுதிய ரசிகர் அறியாதவரா? இங்கேதான் பேரேட்டின் எஞ்சிய பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

முதற்சுற்று உரிமைகள் மூன்றுள், 1989ஆம் ஆண்டுக்குரியது நியூஜெர்சி அணிக்குக் கைமாறியது. 1991இல் தேர்ந்த மார்ட்டின் ருசின்ஸ்கி மறு ஆண்டே கியூபெக்குக்கு அனுப்பப்பட்டார். 1993இல் தேர்ந்த நிக் ஸ்டாஜ்டுஹர் இந்த லீக்கில் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். ஒன்றரைக் கோடி டாலர் பனித்தளத்தில் இறங்கவேயில்லை. ரொக்கம் கோல் அடிக்காது. மேலும், விற்கலாம் என்னும் வழி ஒருமுறை திறந்துவிட்டால் அது மூடுவதில்லை. 1990 கோடையில் யாரி குர்ரி இத்தாலிக்குச் சென்றார். 1991 செப்டம்பரில் கோல் காப்பாளர் கிராண்ட் ஃபூரும் க்ளென் ஆண்டர்சனும் டொரொன்டோவுக்குச் சென்றார்கள். கிரேவ்ஸ் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போனார். அக்டோபரில் மெஸ்ஸியரும் அங்கேயே போனார். 1993இல் எட்மன்டன், இந்த லீக்கில் சேர்ந்தபின் முதன்முறையாகக் கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 1994இல் கோப்பை வென்ற நியூயார்க் அணியில், 1990இல் எட்மன்டனுக்காகக் கோப்பை வென்ற எழுவர் இருந்தார்கள். ஓர் ஊரின் பட்டியல் இன்னோர் ஊரின் புகைப்படமாயிற்று.

லாஸ் ஏஞ்சலஸுக்கும் முழு வெற்றி வாய்க்கவில்லை. 1993இல் இறுதிவரை வந்து மான்ட்ரியாலிடம் தோற்றது. வாங்கிய உரிமையாளர் புரூஸ் மக்நால் பின்னர் நிதி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆயினும் வெயில் நிறைந்த கலிஃபோர்னியாவில் பனித்தள ஹாக்கி வேரூன்ற அவ்விற்பனை வித்திட்டது. சான் ஹோசே 1991இலும் அனஹைம் 1993இலும் லீக்கில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் தன் முதற்கோப்பையை 2012இல்தான் வென்றது.

பிந்தைய கோடைகள்

1998இல் பொக்லிங்டனின் கையிலிருந்து அணியை உள்ளூர் முதலீட்டாளர் குழுவொன்று வாங்கி, அது வேறூர் செல்லாமல் காத்தது. 2004-05 பருவம் ஊதியப் பிணக்கால் முழுவதும் கைவிடப்பட்டது. அதன் முடிவில் எல்லா அணிகளுக்கும் ஊதிய வரம்பு வந்தது, முதலாண்டில் 3.9 கோடி டாலர். சிற்றூர்ச் சந்தைக்கும் பெருநகரச் சந்தைக்கும் இடையிலிருந்த மேடுபள்ளம் குறைந்தது. இனி நம் வீரர்கள் நம்மிடமே தங்குவர் என்று எட்மன்டன் ரசிகர் எண்ணியிருக்கக்கூடும்.

2006 ஜூனில் அணி இறுதியின் ஏழாம் ஆட்டம்வரை சென்று கரோலைனாவிடம் தோற்றது. அக்கோடையிலேயே தற்காப்பின் தூணாக விளங்கிய கிறிஸ் ப்ரோங்கர் தம்மை வேறணிக்கு அனுப்பக் கேட்டார்; ஜூலையில் அனஹைம் சென்றார்; மறுஆண்டு அங்கே கோப்பை வென்றார். எட்மன்டனோ அடுத்த பத்துப் பருவங்கள் கோப்பைச் சுற்றையே காணவில்லை. முன்பு உரிமையாளர் விற்றார். இப்போது வீரர் விலகினார். முடிவெடுக்கும் கை மாறியது. தாளோடு அமர்ந்திருந்தவரின் நிலை மாறவில்லை.

2024 ஜூனில் மீண்டும் இறுதி, மீண்டும் ஏழாம் ஆட்டத்தில் தோல்வி, இம்முறை ஃபுளோரிடாவிடம். ஆகஸ்டு 13 அன்று செயின்ட் லூயிஸ் அணி, எட்மன்டனின் இளைஞர்களான பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே ஆகிய இருவர்க்கும் ஒரே நாளில் ஒப்பந்தம் நீட்டியது. அதே ஊதியத்தைத் தந்து தக்கவைக்க எட்மன்டனுக்கு ஏழு நாள் தவணை. ஊதிய வரம்பு நெருக்கவே ஆகஸ்டு 20 அன்று இருவரையும் விட்டுவிட்டார்கள். ஈடாக இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் ஒவ்வொரு தேர்வுரிமை கிடைத்தது. அடுத்த பருவத்தில் ஹாலோவே செயின்ட் லூயிஸுக்காக 26 கோல்கள் அடித்தார். 2025 இறுதியில் எட்மன்டன் மறுபடியும் ஃபுளோரிடாவிடம் தோற்றது. அந்த இருவர் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? வரலாறு இதற்கு விடை சொல்லாது. ரசிகர் சொல்வார், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

யாருக்கு உரிமை?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். வள்ளுவரின் அவ்வைந்து அதிகாரங்களும் முடிவெடுக்கும் இடத்தில் நிற்பவனை நோக்கிப் பேசுகின்றன. சாதரை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தால் 1989 நவம்பரில் அவர் செய்தது தெரிந்து வினையாடலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கார்சனின் திறமையை எவரும் ஐயுறவில்லை. ஆனால் அவருக்கு அவ்விடம் பொருந்தவில்லை. இடனறிதல் ஏன் ஆளறிதலுக்கு முன் வருகிறது என்று கேட்கும் மாணவர்க்கு இனி நாம் கார்சனின் கதையைச் சொல்வோம்.

பொக்லிங்டனை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அவர் வலியையும் காலத்தையும் அறியாதவர் அல்லர். தம் வலியையும் தம் காலத்தையும் மட்டுமே அறிந்தார். அரசன் தன் பொருட்டன்றி நாட்டின் பொருட்டே தேர்கிறான் என்பது அவ்வதிகாரங்களின் சொல்லப்படாத அடித்தளம். அவ்வடித்தளம் இல்லாத இடத்தில் ஐந்து அறிதலும் வெறும் வணிகத் திறனாகச் சுருங்கிவிடுகின்றன.

ரசிகரின் தாளுக்குச் சட்டப்படி எவ்வுரிமையும் இல்லை. நெல்சன் ரீஸின் கோரிக்கையாலும் விற்பனை நின்றுவிடவில்லை. எனினும் 1989 அக்டோபர் 15 அன்று எழுந்து நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் லாஸ் ஏஞ்சலஸிடம் இருந்தது. பணம் பொக்லிங்டனிடம் இருந்தது. அந்த ஆரவாரம் அவ்விருவரிடமும் இல்லை. அதை விற்கவும் முடியாது, ஈடாகத் தரவும் முடியாது. கிரெட்ஸ்கி 1999இல் ஓய்வு பெற்றார். அவருடைய 99ஆம் எண்ணை லீக்கின் எவ்வணியிலும் இனி எவரும் அணிய முடியாது. அவருடைய சிலை 2016இல் எட்மன்டனின் புதிய அரங்குக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அவர் லாஸ் ஏஞ்சலஸிலும் செயின்ட் லூயிஸிலும் நியூயார்க்கிலும் ஆடியவரே. ஆயினும் அச்சிலை அணிந்திருப்பது எட்மன்டன் சட்டை.

அடுத்த ஜூலையிலும் அந்நகரில் யாரேனும் ஒருவர் தாளை எடுப்பார். இருபத்துமூன்று இடங்களை வரைவார். ஒரு பெயரை எழுதி, தயங்கி, அடிப்பார். அவரை நாம் அறியோம். ஆனால் அவர் அடித்த பெயருக்காக அவர் வருந்துவார் என்பதை அறிவோம். 1988 ஆகஸ்டில் பட்டியல் போட்டவர்களுக்கு இல்லாமற்போன தகுதி அது ஒன்றுதான்.

வாசகர்கள் தங்கள் கருத்துகளை எழுதுங்கள். குறளின் அதிகார வரிசை பற்றி மாறுபட்ட கருத்துடையோர் இருப்பின் அதையும் அறிய விழைகிறோம்.